அரிசிப் பானைக்குள் குளிகைக் குப்பி

பாறசாலை,
10-12-1956, திங்கட்கிழமை.

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நானும் அப்பாவும் இருமல் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், உண்டு உடுத்து இருக்கிறோம். டாட்டாநகரில் நீயும் மருமகனும் உன் வயிற்றில் மூன்று மாதமாகக் குடியிருக்கிற சின்ன ஆளும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன புதன்கிழமை நான் அடித்த தந்தி உன் கைக்கு வந்திருக்கும். தந்தி என்றால் சாவு என்று பழகிப்போன நம் ஆட்களுக்குத் தந்திக்காரனைக் கண்டாலே ஈரக்குலை நடுங்கும், நீயும் அப்பாவுக்கோ எனக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய், அதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். நெய்யாற்றின்கரை தந்தி ஆபீசில் இருந்த குமாஸ்தா தாளை வாங்கும் முன்பே முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "ஆரெங்கிலும் மரிச்சோ அம்மச்சீ" என்று கேட்டார். யாரும் சாகவில்லை, சாகாமல் இருக்கத்தான் அடிக்கிறேன் என்று சொன்னேன். குளிகையை நிறுத்தாதே, இன்றே தின்னு, கடிதம் பின்னால் வருகிறது என்று அப்பா இங்கிலீஷில் எழுதித் தந்ததை அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, இதற்கு ஒரு கார்டு போதாதா என்றார். போதாது என்றேன். ஏன் போதாது என்று சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் நீண்டுபோகும், அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசி.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வரட்டும் என்று பொறுக்காமல் நானே உடைத்தேன். போன வருஷம் உனக்குக் கலைந்துபோன பிறகு வந்த கடிதமெல்லாம் நாலு வரிக்கு மேல் இருக்காது, இது இரண்டு தாள், முன்னும் பின்னும். அங்கே டாக்டர் உன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, அம்மாவுக்கு இருந்த அதே தைராய்டுக் கேடுதான் என்று சொல்லிக் குளிகை தந்தது, நாலு மாதத்தில் உன் முகவீக்கம் வற்றியது, கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடி நின்றது, பிறகு நீ உண்டானது, எல்லாம் முன்பே எனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் மறுபடியும் வாசிக்க ஆசையாக இருந்தது. இரண்டாம் தாளின் பின்பக்கம் வந்ததும் ஒரு இடத்தில் நின்றேன். அந்த நாலு வரி எனக்கு இப்போது மனப்பாடம். "அம்மா, நீ ஏத்தன் வாழைக்குலையோடு சபையில் நின்று, கர்த்தர் என்னைப் பூரண சுகமாக்கினார் என்று சொன்னது இன்னும் என் காதில் உண்டு. குழந்தையைத் தந்தவர் என் கழுத்தையும் சுகமாக்கியிருப்பார் என்று விசுவாசித்து மூன்று வாரமாகக் குளிகையை விட்டுவிட்டேன். குப்பியை அலமாரியில் பூட்டியாயிற்று. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை அம்மா, நல்ல சுகமாகத்தான் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். வாசித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னவாக்கும் பிள்ளே, மொகம் வெளுத்துப் போச்சே" என்று கேட்டாள்.

இனி நேரே சொல்லிவிடுகிறேன். மக்கா, அம்மாவுக்குப் பூரண சுகம் கிடைக்கவில்லை. அம்மா இன்றைக்குக் காலையிலும் குளிகை தின்றுவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நேற்றும் தின்றேன், நாளைக்கும் தின்பேன், கண்ணை மூடுகிற நாள்வரைக்கும் தின்பேன். இரண்டு வருஷமாக அந்தக் குப்பி நம் அரிசிப் பானைக்குள், பழைய ரவிக்கைத் துணி ஒன்றில் சுற்றி, அரிசிக்கடியில் கிடந்தது. அப்பாவுக்கும் கிருஷ்ணம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். பெற்ற தாய் பொய் சொன்னாளா என்று நீ கேட்டால், முதலில் சொன்னபோது அது பொய்யில்லை, நம்பித்தான் சொன்னேன், பிறகு திருத்தாமல் இருந்தேனே, அது பொய்தான். அந்தப் பொய் பஸ் ஏறி ரயில் ஏறி உன் வீட்டு அலமாரிவரைக்கும் வந்து பூட்டுப் போடும் என்று நான் நினைக்கவில்லை.

ஐம்பத்திரண்டில் எனக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது வீட்டில்தான் இருந்தாய். முகம் ஊதி, கண்ணிமை தடித்து, ஏப்ரல் வெயிலில் போர்வை கேட்டு, போதகர் வசனம் வாசித்து முடிக்கும் முன்பே தூங்கி விழுந்தேன். பார்த்த ஆட்களெல்லாம் ஆனந்தபாய்க்கு இப்போது நல்ல செழிப்பு, உடம்பு வைத்துவிட்டாள் என்று சொன்னார்கள், நானும் அப்படித்தானாக்கும் என்று இருந்தேன். சபையில் பாட்டுக்கு முதல் குரல் எடுக்கிற என் தொண்டை கட்டிப்போய், எனக்குப் பின்னால் நின்ற லீலாபாய் எனக்கு முன்னால் வந்து நிற்கத் தொடங்கியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்பா என்னை மார்த்தாண்டம் தாண்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே லேடி டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, இந்த இடத்தில் ஒரு சுரப்பி உண்டு, உடம்புக்குச் சூடும் சுறுசுறுப்பும் தருகிற சாறு அதிலிருந்துதான் ஊறும், உங்களுக்கு அது கேடாகிவிட்டது, ஊறாததைக் குளிகையாகத் தருகிறேன் என்றார். "இது காய்ச்சல் மருந்து மாதிரி நாலு நாள் தின்னுட்டு நிறுத்துறதில்ல அம்மா, ஆயுசு முழுக்கத் திங்கணும்" என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்கு என்ன, செலவா ஒன்றா. ஆறு மாதத்தில் எழுந்து ஓடியாடி, கிணற்றில் நாற்பது வாளி ஒரே மூச்சில் இறைத்து, லீலாபாயைப் பழையபடி பின் வரிசைக்கு அனுப்பினேன்.

ஐம்பத்து மூன்று டிசம்பரில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. உன் கல்யாணம் பேசி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெண்ணின் தாய்க்குத் தீராத தீனம், ஆயுசுக்கும் மருந்து என்று வெள்ளறடையில் உன் மாமியார் வீட்டுக் காதில் யாரோ ஓதியிருந்தார்கள், அது என் காதுக்கும் வந்தது. எனக்கு ரோஷம் தெரியுமே. தோட்டத்தில் விளைந்த ஏத்தன் குலையிலேயே பெரியதாகப் பார்த்து வெட்டிக் கொண்டுபோய்க் காணிக்கை மேசையில் வைத்து, சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து நின்று, கர்த்தர் என்னைப் பூரண சுகமாக்கினார், இனி எனக்கு ஒரு தீனமும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது மனசு நிறைந்து கண்ணீர் வந்தது, நீயும் மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டு நின்றாய். மறுநாள் காலையில் குப்பியைத் திறந்தேன், கை கூசியது. இத்தனை பேர் முன்னால் பூரண சுகம் என்று சொன்னவள் மறுநாளே மருந்து தின்றால் நான் கர்த்தரையல்லவா பொய்யராக்குகிறேன் என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன். வேறு எந்த ஊர்ப் பெண்ணும் மருந்து கசந்தால் நிறுத்துவாள், கையில் சக்கரக் காசு இல்லாவிட்டால் நிறுத்துவாள், நான் சாட்சி சொன்னதால் நிறுத்தினேன்.

அதோடு நின்றதா என்றால் இல்லை. என் சாட்சியைக் கேட்கவேண்டும் என்று தனுவச்சபுரத்திலிருந்து கூப்பிட்டார்கள், போனேன். திருப்புறத்திலிருந்து கூப்பிட்டார்கள், போனேன். ஒவ்வொரு சபையிலும் அது கொஞ்சம் வளர்ந்தது. திருப்புறத்தில் சொன்னபோது டாக்டர் கைவிட்டுவிட்டார் என்றும் சேர்த்துக்கொண்டேன். பாவம் அந்த டாக்டரம்மா, அவர் கைவிடவே இல்லை, குப்பி நிறையக் குளிகை தந்து, நிறுத்தாதே என்றல்லவா அனுப்பினார். நீ எழுதியிருக்கிறாயே, ஒன்றும் செய்யவில்லை என்று, எனக்கும் ஒன்றும் செய்யவில்லை மக்கா. இந்தக் குளிகையில் இருக்கிற சதியே அதுதான். தின்றது உடம்பில் கொஞ்ச நாள் மிச்சம் இருக்கும், பைய பைய வற்றும், வற்றுவது நமக்குத் தெரியாது. உன் கல்யாணத்தில் ஓடியாடிப் பந்தி விளம்பினேன், உன்னைத் திருவனந்தபுரத்தில் ரயிலேற்றிவிட்டு வந்தேன், அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு காலையில் எழும்ப ஐந்து நிமிஷம் பிந்தியது, அது பத்து ஆனது, மே மாதத்தில் சேலைக்கு மேல் சேலை சுற்றிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் இருந்தேன். மகளைப் பிரிந்த ஏக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் அதை நம்ப வசதியாக இருந்தது.

அந்த வருஷம்தான் தெற்கே தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம் முறுகியது. ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்து ஆட்கள் செத்தார்கள். ஊர்வலத்தில் முன்னால் நடந்த உன் அப்பா, தன் பெயரில் வாரண்டு உண்டு என்று கேள்விப்பட்டதும் மலையோரத்துக்குப் போய் ஒளிந்துகொண்டார். நான் வீட்டில் தனியாக இருந்தேன். அந்த மூன்று மாதம் உனக்குக் கடிதம் வராததற்குக் கலவரத்தில் தபால் தடைப்பட்டது என்று பிறகு எழுதினேன் அல்லவா, தபாலின் மேல் குற்றமில்லை, பேனா பிடிக்க எனக்கு விரல் மடங்கவில்லை. ஒரு நாள் அப்பாவைத் தேடி ஒரு போலீஸ்காரர் வந்தார். ஜெயதாஸ் சார் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது, நாக்கு தடித்து மரக்கட்டை போலக் கிடந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வேலிக்கருகே நின்ற கிருஷ்ணம்மாவிடம், "ஈ அம்மைக்கு நல்ல தீனமுண்டு, ஆசுபத்திரியில் கொண்டுபோணம்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கைது செய்ய வந்த ஆளுக்குத் தெரிந்தது, பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் அப்பா வந்தார். நான் எழுந்து வரவில்லை, யார் வந்தது என்றுகூடக் கேட்கவில்லை. தன்மேல் உள்ள கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அவர் ஒரு நாள் முழுக்கச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாராம், எனக்கு ஒன்றும் நினைவில்லை. அப்போது கிருஷ்ணம்மா வேலியைச் சுற்றி வந்து, "சாரே, கொடி பிடிச்சது போரும். இவ மருந்த நிறுத்தி பத்து மாசமாச்சு. குப்பி நிறைய அப்படியே இருக்கு, நான் கண்ணால கண்டதாக்கும்" என்று போட்டு உடைத்தாள். அவளுக்கு நம் சபையும் கிடையாது, சாட்சியும் கிடையாது, அதனால் அவளுக்குச் சொல்ல வெட்கமும் இல்லை. அன்றைக்கே டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் இவர்கள் தூக்கத்திலேயே போயிருப்பார்கள் என்று அப்பாவிடம் மட்டும் சொன்னாராம். ஒரேயடியாகத் தந்தால் இதயம் தாங்காது என்று குளிகையில் கால் பங்கு, பிறகு அரை, பிறகு முக்கால் என்று ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு என் உடம்பில் சூடு திரும்பியது. பிப்ரவரியில் பாடினேன்.

அப்போதே சபையில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனந்தபாய்க்கு மறுபடியும் சுகமில்லாமல் போய்க் கர்த்தர் இரண்டாம் தடவையும் எழுப்பினார் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள், நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அப்பா மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளிகை வாங்கி வருவார், கேட்டவர்களிடம் சங்கக் கூட்டம் என்று சொல்லுவார். ஒளிந்து பழகின மனுஷனுக்கு ஒளித்துவைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா. நான் விளக்குமாற்றை எடுக்கும் முன்பு அரிசிக்குள் கையை விட்டு ஒன்று எடுத்து விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை, ஒரு நாள் படுக்கவும் இல்லை. போராட்டம் முடிந்தது, நவம்பர் ஒன்றாம் தேதி ராஜ்யம் பிரிந்தது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சென்னை, இந்தப் பக்கம் நாம் கேரளம். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை பாடுபட்டு நம் வீடு மட்டும் இந்தப் பக்கம் நின்றுவிட்டதே என்று சொல்லிச் சொல்லிக் கலங்கினார், எனக்கும் துக்கம்தான். நாலாம் நாள், தமிழ் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னதும், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், குழம்பில் உப்பு குறைந்தால்கூட எல்லைக் கமிஷனைத்தான் திட்டுகிறார்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே நான் உனக்கு எழுதத் தொடங்கினேன். எழுதியதைக் கிழித்தேன். ஊர் முன்னால் ஒன்று, மகளுக்கு ரகசியமாக ஒன்று என்றால் நீ எதை நம்புவாய். அதனால்தான் முதலில் தந்தி. வியாழக்கிழமை நான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இனி எல்லை தாண்டி மருந்து கொண்டுவர விடமாட்டார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு, களியக்காவிளையில் ஒருத்தரும் என் பையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உன்னைப் பற்றி டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். மூன்று மாதக் கர்ப்பத்தில் இந்தக் குளிகை தின்றால் பிள்ளைக்குக் கெடுதலா என்று கேட்டேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது வெளியிலிருந்து போற விஷமில்ல அம்மா, அவளுக்க உடம்பு ஊறவைக்கவேண்டியதத்தான் நாம தாறோம். வயித்துப் பிள்ள வளர அது வேணும். நிறுத்தினாத்தான் கெடுதல். உடனே தொடங்கச் சொல்லுங்க, அங்க டாக்டரப் பாத்து அளவு கூட்டணுமான்னு கேக்கச் சொல்லுங்க, பேறுகாலம் கழிஞ்சாலும் விடக்கூடாது." தாய்க்கு வந்தால் மகளுக்கு வருவது உண்டு என்றும், சீமையிலிருந்து வந்த டாக்டர் பத்திரிகையில் இப்போது புதிதாக எழுதியிருக்கிறார்கள், உடம்பே தன் சுரப்பியை அன்னியன் என்று எண்ணிச் சண்டை பிடிப்பதால்தான் இது வருகிறதாம் என்றும் சொன்னார். ஆக மக்கா, இது உன் விசுவாசம் குறைந்ததால் வந்ததும் இல்லை, விசுவாசம் கூடினால் போவதும் இல்லை. வீட்டில் வந்து சொன்னேன், அப்பா உடனே எல்லையைப் பற்றித் தொடங்கினார், நான் சோறு விளம்பப் போய்விட்டேன்.

சனிக்கிழமை யோசுவா போதகரைப் பார்க்கப் போனேன். மறுநாள் ஸ்தோத்திரப் பண்டிகை. என் சாட்சியைத் திருத்திச் சொல்லவேண்டும் என்றேன். அவர் பயந்துவிட்டார். "சபை இடறிப்போவுமே அம்மா, மூணு வருசமா உங்களக் காட்டித்தான் நான் பிரசங்கம் பண்ணுறேன்" என்றார். என்னைக் காட்டிப் பிரசங்கம் பண்ணினதில்தான் என் மகள் குளிகையை நிறுத்தியிருக்கிறாள், ஒரு பிள்ளை போய்விட்டது, இரண்டாவதையும் நான் கொடுக்கமாட்டேன் என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று, அவர் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டு, "இது இல்லாம எனக்கு வேதம் வாசிக்கப் பற்றாது. இத நான் ஒருத்தருக்கும் ஒளிச்சதில்ல. நீங்க சொல்லுங்க அம்மா" என்றார்.

நேற்றுக் காலையில் மறுபடியும் ஒரு ஏத்தன் குலை வெட்டினேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் குப்பியை எடுத்து, துணியை அவிழ்த்து, மடியில் வைத்துக்கொண்டேன். சபை நிறைந்திருந்தது, வாசல்வரைக்கும் ஆள். சாட்சி நேரத்தில் எழுந்து காணிக்கை மேசைக்கருகே போனேன். "இஞ்ச நின்னு நான் பூரண சொகம்னு சொன்னேன். பிறகு மருந்த விட்டு, சாவக் கிடந்து, திரும்ப மருந்து தின்னுதான் எழும்பினேன். ரெண்டு வருசமா தினம் திங்கியேன், ஒங்களுக்கு ஒளிச்சுவச்சுத் திங்கியேன். டாக்டர் கைவிட்டார்னு திருப்புறத்துல சொன்னதும் கள்ளமாக்கும். கர்த்தர் எனக்கு நல்லது செய்தார், அத மாத்திச் சொல்லல்ல. அவர் செய்தது இதுவழியாக்கும்" என்று சொல்லிக் குப்பியை எடுத்துக் குலைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தேன். நான் வந்து உட்கார்ந்த பிறகும் ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விடத் தொடங்கினார்கள். தேங்காய் போயிற்று, கோழி போயிற்று, என் குலையும் போயிற்று. ஏலம் விடுகிற மூப்பர் பழக்கத்தில் கையை நீட்டிக் குப்பியையும் தூக்கிவிட்டார். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். நான் இருந்த இடத்திலிருந்தே, "மூப்பரே, அது ஏலத்துக்குள்ளதில்ல, நாளைக்கு எனக்குத் திங்கதுக்குள்ளதாக்கும்" என்றேன். முதலில் போதகர்தான் சிரித்தார். பிறகு சபை முழுக்கச் சிரித்தது, மூப்பரும் சிரித்துக்கொண்டு குப்பியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

வெளியே வந்தால் மாமரத்தடியில் லீலாபாய் நிற்கிறாள். உனக்குத் தெரியும், அவள் எத்தனையோ வருஷமாக வேர்வையிலும் கழுத்துவரைக்கும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு வருவாள், நாங்கள் எல்லாம் அதை அவளுடைய கெத்து என்று பேசுவோம். என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய்ச் சேலையை விலக்கிக் காட்டினாள். எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். "எனக்கும் இந்தத் தீனமாயிருக்குமா ஆனந்தம்" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியும், வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வா என்று சொல்லியிருக்கிறேன். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். புதன்கிழமை நான் வெள்ளறடைக்கும் போய் உன் மாமியாரிடம் நானே நேரில் சொல்லப் போகிறேன். அவர்கள் இரண்டு வார்த்தை சொல்லுவார்கள், கேட்டுக்கொள்ளுகிறேன். மருமகனிடம் நீயும் மறைக்காதே, அவன் நல்ல பிள்ளை, உனக்கு மறந்துபோனால் அவன்தான் எடுத்துத் தரவேண்டும்.

இனி நான் சொல்லுகிறதைக் கேள். குப்பியை அலமாரிக்குள் வைக்காதே. என்னுடையது இன்றைக்கு ஜன்னல் படியில், சீப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீயும் சீப்போடு வை, தலை வாரும் முன்பு ஒன்று, தலை வாராமல் நீ ஒரு நாளும் இருந்ததில்லை. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து ஒன்றாகத் தின்றுவிடாதே, டாக்டரிடம் போய் மூன்று வாரம் நிறுத்தினேன் என்று மறைக்காமல் சொல், திட்டினால் வாங்கிக்கொள், எவ்வளவு என்று அவர் சொல்லட்டும். நெஞ்சு படபடத்துக் கை நடுங்கினாலும், உடம்பு குளிர்ந்து முகம் ஊதினாலும் அவரிடம் போ, நீயாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். அங்கே இப்போது குளிர்காலம், குளிருகிறது என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, இது ஊர்க் குளிர்தான் என்று நினைத்துவிடாதே, நான் ஏக்கம் என்று நினைத்த மாதிரி. ஜெபம் பண்ணு, நானும் பண்ணுகிறேன், பண்ணிவிட்டுத் தின்னு. இது உன் ஆயுசுக்கு வந்த சிறை என்று எண்ணாதே மக்கா. நாலு வருஷத்தில் நான் மோசமாக இருந்தது அதைத் தின்னாமல் இருந்த மாதங்களில் மட்டும்தான். தின்ற நாளெல்லாம் நான் பாடினேன், நீர் இறைத்தேன், அப்பாவோடு சண்டை பிடித்தேன், ஒரு குறையும் வைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் பார்சல் கட்டியிருக்கிறேன், நாளை அனுப்புகிறேன். அப்பா உனக்கும் மருமகனுக்கும் வாழ்த்து சொல்லச் சொன்னார், கிருஷ்ணம்மா விசாரித்தாள். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே நான் அங்கே வாறேன், என் குப்பியும் என்னோடு வரும். உன் வீட்டு விளக்கும் உன் வயிற்றுப் பிள்ளையும் நிறைவாக வளர ஆண்டவர் உங்கள் பக்கம் இருக்கட்டும். என்மேல் உனக்குக் கோபம் வரும், வரவேண்டியதுதான், வைத்துக்கொள். ஆனால் தந்தியைப் பார்த்தும் தின்னாமல் இருந்தால், இப்போது இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து, முதலில் ஒரு குளிகை விழுங்கு. கோபத்தை அதற்குப் பிறகு எழுது, நான் எல்லாத் தாளையும் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் காலையில் ஒரு குளிகை தின்று சுகமாயிருக்கிற
உன் அம்மா
ஆனந்தபாய்